முன்பிரதி வாங்கிக்கொண்ட தெரு

என் நாவலுக்கு முதல் மதிப்புரையை எழுதியவன் நானேதான், வேறொரு பெயரில். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதென்று ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றைக் குறைத்துப் போட்டேன். குறைத்ததில் எனக்கே மனத்தாங்கல் வேறு. மனைவி பார்த்துவிட்டு, "வெளியில தெரிஞ்சா மானம் போயிரும், அழிங்க" என்றாள். அழித்தேன். சொந்தக் காசில் அச்சிட்ட புத்தகம். இணையத்தில் அதை விற்கும் பக்கத்தில் வாசகர் கருத்துக்கான இடம் வெறிச்சென்று கிடந்தது. வெளியீட்டு விழாவுக்குள் அசல் வாசகர் ஒருவராவது இரண்டு வரி சொல்லியாக வேண்டும்.

அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. மதுரையிலிருந்து மாற்றலாகி நான் வந்து சேர்ந்திருப்பது வலியசாலையில். திருவனந்தபுரம் முழுக்க மலையாளம் பேசினாலும் எங்கள் தெருவில் விடிந்தால் அடைந்தால் தமிழ்தான். விழாவுக்கு முன்பே படிக்கட்டும் என்று வீடு வீடாக முன்பிரதி கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு மாமி, "எல்லாரும் பாத்தோம் சார். எழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்கு" என்றார். நாவலை எப்படி எல்லாரும் சேர்ந்து பார்ப்பது? எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவர், "அட்டை பிரமாதம், கேட்டேளா!" என்றார்.

"கதை?"

"கதைக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கு."

இது பாராட்டா, நாசூக்கான நிராகரிப்பா? படித்த விமரிசன நூல்களையெல்லாம் மனத்தில் புரட்டியும் பிடிபடவில்லை. கதாநாயகி செத்துப்போவது கொஞ்சம் அதிகப்படியோ என்று கேட்டுப் பார்த்தேன்.

"அச்சச்சோ, எப்போ?" என்றார்.

அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "சார், தப்பா நினைச்சுக்கப்படாது. நாங்கள்லாம் மலையாளம் மீடியமாக்கும். தமிழ் பேசுவோம், வாசிக்கத் தெரியாது. ஆசையாக் கொண்டுவந்து தரேள், வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

விட்டேனா? மாலைதோறும் அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து நாவல் முழுவதையும் நானே வாசித்துக் காட்டினேன். நாயகி செத்த அன்று அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அழுகையா, தூக்கமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசி வரி முடிந்ததும் பேனாவைத் திறந்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வதாக ஏற்பாடு.

புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"முன்னாடி சொன்னேனே, அதையே எழுதிக்கோங்கோ சார். அட்டை பிரமாதம்."