முனி கல்லில் ஒரு உண்ணாவிரதம்

பதுளையில் தொழிற்சங்க அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாளே என் கையில் ஒரு துணிமூட்டையைக் கொடுத்தார்கள். உள்ளே வேட்டி, துண்டு, பற்பொடி.

"இது எதுக்குங்க அய்யா?" என்று தலைவரைக் கேட்டேன்.

"ஜெயிலுக்கு. என்னை எப்ப புடிப்பாங்கன்னு சொல்ல முடியாது. கூடவே வச்சுக்க."

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அவரை யாரும் பிடிக்கவில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை. வாலிபத்தில் திருச்சிப் பக்கம் சுதந்திரக் கொடி பிடித்து, வெள்ளைக்காரனிடம் அடிபட்டு, சிறையும் இருந்தவர். வெளியே வந்ததும் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த மாமனைத் தேடிக் கடல் தாண்டி, பதுளைப் பக்கம் நமுனுகுலவுக்கு வந்தார். லயத்து வரிசை வீடுகளில் தொழிலாளி ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்து இங்கேயே தங்கிவிட்டார். எழுபதைத் தாண்டியும், கைதாகாத போராட்டத்தை அவர் போராட்டமாகவே மதிக்க மாட்டார்.

தோட்டங்கள் அரசாங்கத்திடமிருந்து கம்பெனிகளின் கைக்கு மாறிய புதிது. தேயிலைத்தூள் களவு போகிறதென்று ஒரு தோட்டத்தில் புதிதாக வந்த மேனேஜர் துரை ரோட்டுக்குக் குறுக்கே கேட் போட்டுப் பூட்டிவிட்டார். தூள் ஏற்றும் லொறிக்கு மட்டும்தான் திறக்கும். நோயாளிகளைக் கம்பளியில் போட்டு மலையைச் சுற்றித் தூக்கிப்போக வேண்டும். அப்படிப் போன ஒருத்திக்கு வழியிலேயே பிரசவமாகிப் பிள்ளை தங்கவில்லை. விசாரிக்கப் போன எங்கள் முன்னால் அவளுடைய நாத்தனார் சரசு நிறைமாத வயிற்றோடு வந்து நின்றாள்.

"அடுத்தது நானுங்க அய்யா" என்றாள்.

தலைவர் நேரே கேட்டுக்குப் போனார். கேட்டை ஒட்டி மரத்தடியில் ரோட்டு முனி இருந்தார். மஞ்சள் பூசிய கல், ஒரு சூலம், முன்னால் கற்பூரம் கொளுத்த ஒரு தட்டைக் கல். அங்கே நிறுத்திக் கற்பூரம் காட்டாமல் எந்த டிரைவரும் மலை இறங்க மாட்டான். நிழலாக இருக்கிறதென்று தலைவர் அந்தத் தட்டைக் கல்லிலேயே உட்கார்ந்து உண்ணாவிரதத்தை ஆரம்பித்துவிட்டார்.

"அய்யா, அது முனி கல்லுங்க."

"முனி ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீ தண்ணி கொண்டா."

இன்ஸ்பெக்டர் வந்தார். சிங்களவர், தெரிந்த தமிழில் பணிவாகப் பேசினார். "ஐயா, வீட்டுக்குப் போங்க. நான் புடிக்க மாட்டேன்."

"என்னய்யா போலீஸ் நீ? வெள்ளக்காரன் கேக்காமலே புடிச்சான்!"

இன்ஸ்பெக்டர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். தலைவருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அப்புறம் தூள் லொறி வந்தது. டிரைவர் மாரியப்பன் கற்பூரத்தோடு இறங்கிவந்து தலையைச் சொறிந்தான். "அய்யா, கொஞ்சம் எந்திரிங்களேன்."

"எல்லாருக்கும் கேட்டைத் தொறக்கச் சொல்லு, எந்திரிக்கிறேன்."

துரை வந்து கத்தினார். மாரியப்பன் சாவியை நீட்டினான். "கற்பூரம் காட்டாம நான் எறங்க மாட்டேன் துரை. வேணும்னா நீங்க ஓட்டுங்க."

துரை கீழே இருந்த வளைவை எட்டிப் பார்த்தார். சாவியை வாங்கவில்லை. மறுநாள் இன்னொரு லொறியும் வந்து பின்னால் நின்றது. கொழும்பு ஏலத்துக்குப் போகவேண்டிய தூள் அத்தனையும் மலையிலேயே கிடந்தது. மத்தியானம் துரை பல்லைக் கடித்துக்கொண்டு, "கேட் இனிமேல் தெறந்தே கெடக்கும்" என்றார்.

ஜனங்கள் கைதட்டினார்கள். தலைவர் மட்டும் அசையவில்லை. "இன்னும் கைது பண்ணலையே, எப்படி எந்திரிக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துச் சரசுக்கு வலி எடுத்துவிட்டது. தூக்கிவந்து லொறியின் முன்சீட்டில் உட்காரவைத்தோம். மாரியப்பன் மறுபடியும் கற்பூரத்தோடு கல்லின் முன்னால் போய் நின்றான். தலைவர் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடச் சொன்னார். தலைவரும் மாரியப்பனும் வாக்குவாதத்தில் இறங்கினார்கள்.

லொறிக்குள்ளிருந்து சரசு போட்ட சத்தம் மலையில் எதிரொலித்தது. "கற்பூரமும் வேணாம், ஜெயிலும் வேணாம்! வண்டிய எடுங்கடா!"

தலைவர் துள்ளி எழுந்தார். மாரியப்பன் கற்பூரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் வண்டியை எடுத்தான், நானும் தலைவரும் பின்னால் தொற்றிக்கொண்டோம். பதுளை ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், பெண்பிள்ளை. விஷயம் தெரிந்ததும் தலைவர் வராந்தாவில் உட்கார்ந்து அழுதார், நானும்தான்.

சங்க வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். போராட்டத்தை எப்போது முடிப்பது என்று யாருக்காக நடத்துகிறீர்களோ அவர்களிடமே கேளுங்கள். கேட்காவிட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். சரசு அன்றைக்குச் சொன்னதில் மீதியை இங்கே எழுத முடியாது.