வேனுக்குள் என் வியாழக்கிழமை

புதிய இசைக்குழுக்களைக் கண்டுபிடிக்க எனக்கென்று ஒரு வழி உண்டு. பாடுகிற ஆளை விட்டுவிடுவேன். பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் பாஸ் கிட்டாரோடு ஒருவர் நிற்பாரே, அவரைப் பிடிப்பேன். அவர் வேறு எந்தக் குழுவில் வாசித்தார், அந்தக் குழுவின் டிரம்ஸ்காரர் பிறகு யாரோடு போனார், அவர்கள் எந்த ஊர் மண்டபத்தில் வாசித்ததை யார் பதிவு செய்து போட்டார்கள் என்று போய்க்கொண்டே இருப்பேன். ஒரு காதில் இயர்போன், மறு காதில் பருப்பு கொதிக்கிற சத்தம். இப்படித்தான் ரொக்கிலிருந்து புளூஸுக்கும், அங்கிருந்து ஜாம் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தேன். ஒரு மெட்டை எடுத்தால் முடிக்க மனம் வராமல் மேடையிலேயே வளர்த்துக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். யாரும் எனக்குக் கை காட்டிவிடவில்லை. ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில், கண்டியில் ஓர் அலுவலகத்தில் கோப்பு புரட்டுகிற ஒருத்திக்கு இது சின்னப் பெருமை இல்லை.

ஆனால் வீட்டில் வாய் திறக்கிற உரிமை டீவிக்குத்தான். என் இசை வெளிக்காற்றில் ஒலிக்கிற ஒரே இடம், கடுகண்ணாவையிலிருந்து எங்களை வேலைக்கு ஏற்றிப்போகிற வேன். அதில் ஒரு வழக்கம்: ஒவ்வொரு நாளும் ஒருவருடைய போனிலிருந்து பாட்டு. திங்கள் சாரதித் தம்பிக்கு, சாமிப் பாட்டு. வியாழன் எனக்கு.

என் வியாழன்களை வேன் பொறுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

"என்ன புள்ள இது? இவனுகள் இன்னும் சுருதிதான் சேக்கிறானுகளா?" என்பார் பின் சீட்டில் இருக்கிற நானா. கண்டியில் மருந்துக்கடையில் வேலை செய்கிற முஸ்லிம் அண்ணன், வேனுக்கே நானா.

"அக்கா, ஒங்க பாட்டுல எப்பவாச்சும் யாராச்சும் வாயத் தொறப்பாங்களா?" என்பார் தம்பி.

ஒரு வியாழன், வாசிப்பு நடுவில் தணிந்து, தணிந்து, ஒரு சிம்பலின் ஓரம் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மழைக்கு முந்திய மலை மாதிரி. புளூடூத் அறுந்துபோய்விட்டதென்று நினைத்த தம்பி, தன் பென் டிரைவைச் செருகிவிட்டார். குத்துப்பாட்டு வெடித்தது. வேன் கைதட்டியது. எனக்கு முகம் சிவந்துபோனது.

இறங்கும்போது தம்பியின் தீர்ப்பு வந்தது. "அடுத்த வாரம் கடைசி சான்ஸ் அக்கா. பேராதனைப் பாலம் வர்றதுக்குள்ள ஒருத்தராவது நல்லாருக்குன்னு சொல்லணும். இல்லன்னா வியாழன் எனக்கு."

அந்த வாரம் முழுக்கத் தேடினேன். துணி காயப்போடும்போது தேடினேன், ரயில்வே கேட்டில் நின்றபோது தேடினேன். கைக்கு இரண்டு அகப்பட்டன. ஒன்று சின்ன புளூஸ் பாட்டு; தேன் மாதிரிக் குரல், யாருக்கும் பிடிக்கும். மற்றது, பாஸ்காரர் ஒருவரைத் துரத்திக்கொண்டு போய் எங்கேயோ ஒரு மூலையில் கண்டெடுத்தது. நாலு பேர், சின்ன மண்டபம், குரலே கிடையாது. கிட்டாரும் ஓர்கனும் ஒன்றையொன்று விடாமல் வாசிக்கின்றன. முடிவில் கேட்கிற கைதட்டலை வைத்தே சொல்லலாம், வந்திருந்தவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம்.

தேன் குரலைப் போட்டு வியாழனைக் காப்பாற்றலாம். ஆனால் அப்படிக் காப்பாற்றிய வியாழன் என்னுடையதாகவா இருக்கும்? நாலு பேரையே போட்டேன்.

பாதி வழி, பிலிமத்தலாவை வரைக்கும், நானா கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார். தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஓசை தணியத் தொடங்கியது. கிட்டார் ஒரே ஒரு கம்பியில் நின்று முணுமுணுத்தது. தம்பியின் கை பென் டிரைவை நோக்கிப் போனது.

"கையை எடுங்கோ தம்பி!"

டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அன்றுவரை என் பாட்டுகளைப் பற்றி ஒரு சொல் சொல்லாதவர். இருக்கையின் நுனிக்கு வந்திருந்தார்.

"உது மேளச் சமா எல்லோ! எங்கட கோயில் திருவிழாவிலை ரெண்டு தவில்காரர் நேருக்கு நேர் இருந்து விடிய விடிய வாசிப்பினம். அங்க ஆரும் பாட்டு எப்ப தொடங்கும் எண்டு கேக்கிறேல்லை. கொஞ்சம் பொறுங்கோ. இப்ப மற்றவர் அதை வாங்கித் திருப்பிக் குடுப்பார், பாருங்கோ."

ஓர்கன் வாங்கியது. கிட்டார் சொன்னதையே சொல்லி, கடைசியில் ஒரு கொக்கி போட்டுத் திருப்பிக் கொடுத்தது.

"அட!" என்றார் நானா. "இவன் பொல்லாதவன்."

"கிட்டாரு விடாது நானா. இப்பப் பாருங்க," என்றார் தம்பி. கிட்டார் விடவில்லை. அந்தக் கொக்கியிலேயே தொங்கி, மேலே மேலே ஏறிற்று, எங்கள் கடுகண்ணாவைக் கணவாயில் ரயில் ஏறுகிற மாதிரி மூச்சுப் பிடித்து. டீச்சர் தொடையில் தாளம் போட்டார். ஓர்கன்தான் பெரியவன் என்று நானா சத்தியம் செய்தார். தம்பி ஸ்டியரிங்கை விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது.

பேராதனைப் பூந்தோட்டம் போனது. பாலம் வந்தது. மகாவலி கீழே அகலமாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாலம் என்று ஒன்று இருந்ததே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு மட்டும் மறக்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்துகொண்டது, நான் சொல்லாமலே.

கெட்டம்பே தாண்டி வாசிப்பு முடிந்தது. அந்தச் சின்னக் கைதட்டலோடு டீச்சருடையதும் சேர்ந்தது. "நல்லா இருந்தது பிள்ளை. நல்ல சமா."

"யாரு அக்கா இதெல்லாம் ஒங்களுக்குக் காட்டிக் குடுக்கிறது? மகளா?" என்றார் தம்பி.

"யாரும் இல்ல. நானே தேடிப் பிடிச்சேன்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "அப்ப அடுத்த வியாழனும் தேடிக்கிட்டே வாங்க. ஆனா ஓர்கன்காரன் ஜெயிக்கிற மாதிரி வேணாம், நானாவத் தாங்க முடியாது."

"அத நான் சொல்ல முடியாது தம்பி. அவங்க வாசிக்கிறதப் பொறுத்தது."

என் நிறுத்தம் வந்தது. இறங்கினேன். கதவை வழக்கத்தைவிடப் பலமாகச் சாத்திவிட்டேன் போலிருக்கிறது.

"கதவு அக்கா, கதவு!" என்று பின்னால் கத்தினார் தம்பி. நான் திரும்பவில்லை. தெருவுக்கே கேட்கும்படி விசிலடித்துக்கொண்டு அலுவலகப் படியேறினேன்.