முனியப்பனுக்கு விட்ட சேவல்

ஈர மண் வாசனை என்றால் எல்லோருக்கும் பிடிக்கிறது. எனக்கு மட்டும் அது மூக்கில் ஏறியதும் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் என் சின்ன வயதில் காலையில் எழுந்து கிணற்றுப் பக்கம் போகும்போது அந்த வாசனை வந்தாலே, நான் நட்ட நாற்றுகளைச் சேவல் கிளறிப் போட்டுவிட்டது என்று அர்த்தம்.

காரிமங்கலத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் காடு. ஒரு கிணறு, அதைச் சுற்றி ராகியும் சாமையும் விளைகிற கொஞ்சம் மேட்டு நிலம், நாலு மாடு, பத்துப் பதினைந்து கோழி. மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலையில் இறைக்கும்போது வாய்க்காலின் கடைசியில் வீணாகப் போகிற தண்ணீரில் அப்பா இரண்டு பாத்தி கட்டி, "இது ரெண்டும் உன்னுது, என்ன வேணா வெச்சுக்கோ" என்று எனக்கு விட்டுக்கொடுத்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. பாவாடையிலிருந்து சிலேட்டு வரை எனக்கு வந்ததெல்லாம் அக்கா போட்டுக் கழித்தவை. எனக்கென்றே கிடைத்தது அந்த மண் ஒன்றுதான். கத்தரி நாற்று நட்டேன். என் கையால் விளைந்த கத்தரிக்காயில் குழம்பு வைத்து, களியோடு அப்பாவுக்குப் போட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது.

அதற்கு மண் அள்ளிப் போட்டுக்கொண்டவளும் நானேதான். அந்த ஆனி மாதம் எங்கள் "செவலை" மாடு கன்று போட முடியாமல் விடிந்ததிலிருந்து தவித்தது. அப்பா முழங்கை வரை விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு கன்றின் காலைப் பிடித்து இழுக்க, அம்மா மாட்டின் தலையை மடியில் தாங்கியிருக்க, மாடு கண்ணைச் சொருகியது. பயத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காலடியில் ஓடிய ஓர் இளஞ்சேவலைப் பிடித்துத் தூக்கி, "முனியப்பா, செவல பொழச்சா இத உனக்கே உட்டர்றேன்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கிடேரிக் கன்று விழுந்தது, மாடும் பிழைத்தது. "புள்ள வாயில சாமியே வந்து சொல்லிச்சு" என்று அப்பா மஞ்சள் துணி கிழித்துச் சேவலின் காலில் கட்டினார்.

சாமிக்கு விட்ட உயிரை எங்கள் வீட்டில் அடிக்கக் கூடாது, கட்டிப் போடக் கூடாது, மற்ற கோழிகளைப்போல் "பஞ்சாரம்" என்கிற மூங்கில் கூடையில் கவிழ்க்கவும் கூடாது. ஆடித் திருவிழாவில் அறுக்கிற வரைக்கும் அது வைத்ததுதான் சட்டம். ஒரு மாதம்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அந்த ஆடியில் முதல் பொங்கல் பானையை யார் வைப்பது என்று மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் தகராறு வந்து திருவிழா நின்றது. மறு ஆடியில் ஊரில் பேதி கண்டு திருவிழாவைப் பற்றி யாரும் பேசவே இல்லை. சேவல் கொழுத்தது. ஊரெல்லாம் சுற்றி வந்தாலும் கிளறுவதற்கு அதற்குக் கிடைத்த இடம் என் பாத்திதான். வேலமுள் வெட்டி வந்து வேலி கட்டினேன். பறந்து உள்ளே போனது. சாணி கரைத்து நாற்றின் மேல் தெளித்தேன். அதில் நெளியும் புழுவைத் தேடி முன்னைவிட ஆசையாகக் கிளறியது. அழுதுகொண்டு அம்மாவிடம் போனால், "அது சாமிதும்மா, அத ஒண்ணும் சொல்லப்படாது" என்பாள். நேர்ந்துவிட்டவள் நான், நாற்றும் என்னுடையது, வாய் திறக்க மட்டும் எனக்கு உரிமை இல்லை. முனியப்பன் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

மூன்றாம் வருஷம் வைகாசியில் எப்படியோ தப்பித்துச் செடிகள் இடுப்பு உயரம் வளர்ந்து, ஊதா நிறத்தில் பூ விட்டு, ஒரு செடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சும் வைத்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், அந்தச் செடி வேர் தெரியச் சாய்ந்து கிடக்கிறது, சேவல் அதன் பள்ளத்தில் படுத்து மண் குளித்துக்கொண்டிருக்கிறது. கைக்குக் கிடைத்த கல்லை எடுத்து வீசினேன். காலில் பட்டது.

சேவல் நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்ததைப் பார்த்து அப்பா பதறிப்போனார். "முள்ளு குத்திருக்கும்பா" என்றேன். அவர் அதை நம்பி, என் மடியில் சேவலைப் பிடிக்கச் சொல்லி, முள்வாங்கியை வைத்துக்கொண்டு, இல்லாத முள்ளை வெகுநேரம் தேடினார். விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினார். மறுநாளும் தேடினார். என் மடியில் சேவல் நடுங்கியது எனக்கு இப்போதும் தெரிகிறது.

அந்த ஆடியில்தான், எனக்கென்று பார்த்து, இரண்டு தெருவும் சமாதானமாகித் திருவிழா நடந்தது. பூசாரி சேவலைத் தரையில் விட்டு இரண்டடி நடக்கவிட்டுப் பார்த்தார். "கால் ஊனமுங்க. இது சாமிக்கு ஆவாதுங்க. வேற சேவல் குடுத்துருங்க" என்றார். அப்பா வேறு சேவலைக் கொடுத்தார்.

"அப்ப இத என்னங்க பண்றது?" என்று அம்மா கேட்டாள்.

"ஒருக்கா சாமிக்கின்னு உட்டது சாமிதுதான். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுட்டும்" என்றார் பூசாரி.

சாமிக்கும் வேண்டாம், எங்களுக்கும் கூடாது. திரும்பி வந்த சேவலுக்கு இனிக் கெடுவே கிடையாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது நொண்டிக்கொண்டே என் பாத்திக்குப் போனது. "இந்த எடம் உனக்கு ராசியில்ல போல, உடு கண்ணு" என்று அப்பா அடுத்த மாதம் அந்த இரண்டு பாத்தியையும் ராகியோடு சேர்த்து உழுதுவிட்டார். ராசி இல்லாமல் போனது எதனால் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகும் அவர் வெகுகாலம் இருந்தார். கல்யாணமாகிப் போன பிறகு ஊருக்கு வந்து போகும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், சொன்னதில்லை. என் கத்தரிக்காயை அவர் ஒருநாளும் சாப்பிடவில்லை.

இப்போது கிணறு தூர்ந்துவிட்டது. அந்தக் காட்டில் யாரோ மாமரம் வைத்திருக்கிறார்கள். தர்மபுரியில் மகன் வீட்டு மாடியில், மருமகள் தொட்டியில் வைத்த கத்தரிச் செடி போன வாரம் பூத்தது. நான் போய் எலுமிச்சை முள் ஒடித்து வந்து தொட்டியைச் சுற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

"இந்தத் தெருவுலயே கோழி கெடையாதுங்களே அத்தே, எதுக்குங்க முள்ளு?" என்றாள் மருமகள்.

"இருக்கட்டும்" என்றேன். விரலில் ஒரு முள் ஏறியிருந்தது. எடுத்துவிடுகிறேன் என்று அவள் என் கையைப் பிடித்தாள்; நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.