ஆற்றங்கரை விடுதிக்காரி

என் அத்தான் மின்சார அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வந்ததையெல்லாம் கரண்டே இல்லாத ஒரு காட்டில் போய்க் கொட்டினார். படகில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஆற்றங்கரை. மரக்கால் நட்டு ஆறு குடில், வாசலில் ‘இயற்கை விடுதி’ என்று ஒரு பலகை. பலகை எழுதியது மட்டும்தான் அவர். கூட்டுவது, துவைப்பது, சமைப்பது எல்லாம் என் அக்கா.

அங்கே துணி காயாது. வருஷத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் மழை விட்ட ஈரம். படுக்கை விரிப்புகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் உலர்த்துவாள். “புகை வாசம் வருதே” என்று யாராவது சொன்னால், “இயற்கைதானே” என்பாள். அது அத்தான் போட்ட சட்டம். தங்க வருகிறவர்கள் எதைக் குறை சொன்னாலும் அதே பதில். குளியலறையில் தவளையா, இயற்கைதானே. குழாயில் காவித் தண்ணீரா, இயற்கைதானே. ஒருத்தர் காலுறைக்குள் புகுந்த அட்டையோடு நொண்டிக்கொண்டு வந்து நின்றார். அவரிடமும் அக்கா முகம் மாறாமல் அதையே சொன்னாள். அந்த ஆள் சிரித்துவிட்டு இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினார்.

எட்டாவது வருஷம் அவளுக்கு இருமல் தொடங்கியது. மெத்தையில், பலகைச் சுவரில், மடித்து வைத்த துணியில் எங்கும் பூசணம். கடைசியில் அவள் நெஞ்சிலும் போய் உட்கார்ந்துவிட்டது. நான்தான் டவுனுக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினேன். டாக்டர் பார்த்துவிட்டு, “ஈரமில்லாத இடத்துக்குப் போயிடுங்கம்மா. இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே இருந்தீங்கன்னா, அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல” என்றார்.

என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இரண்டு அறை, ஏழு பேர். பதினோராம் நாள் அத்தான் கையைச் சுட்டுக்கொண்டார் என்று படகுக்காரர் வந்து சொன்னார். உடனே பையைத் தூக்கிவிட்டாள். “அவருக்கு ஒரு வெந்நீர் வைக்கத் தெரியாதுடி” என்றாள். என் மாமியாருக்கு அப்பாடா என்றிருந்தது. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அத்தானிடம் சண்டைக்குப் போனேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. “வித்துட்டு வந்துடறோம்மா. வாங்கறதுக்கு ஒரு ஆளைக் கொண்டா” என்றார். அங்கே சிக்னல் கிடையாது, அதனால் முன்பதிவு கேட்கிற போனெல்லாம் எனக்குத்தான் வரும். பேசுகிறவர்களிடம் நைசாகக் கேட்டுவைப்பேன். ஒன்றரை வருஷம் வாங்க ஒரு ஈ காக்கா முன்வரவில்லை. பிறகுதான் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் கிடைத்தார்கள். நகரம் அலுத்துப்போய், குடும்பத்தோடு காட்டுக்கே குடிவந்துவிட ஆசையாம். நல்ல பைத்தியங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் தங்கிய இரண்டு நாளும் நானும் அங்கே இருந்தேன். அதிசயமாக மழை பெய்யவில்லை. அக்காவுக்கு இருமல் மருந்தை ஊற்றி, சமையல்கட்டை விட்டு வெளியே வராதே என்று சொல்லிவைத்தேன். பல் டாக்டர் ஆற்றில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அத்தானோடு ஒரே சிரிப்பு. இரண்டாம் நாள் காலை, “முடிச்சிடலாம் சார்” என்று கையையே கொடுத்துவிட்டார். நான் சமையல்கட்டுக்கு ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

கிளம்புகிற நேரத்தில் பல் டாக்டரின் மனைவி உள்ளே வந்தாள். நானும் அக்காவும் தட்டு துடைத்துக்கொண்டிருந்தோம்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. இழுப்பு இருக்கு. நகரத்துப் புகையாலதான்னு சொல்றாங்க. இங்க சுத்தமான காத்துல சரியாயிடும் இல்ல?”

நான் அக்காவின் காலை மிதித்தேன். பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகின ஒரு வார்த்தைதானே. அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“இந்தச் சுவத்துக்கு வார்னிஷ் அடிச்சு மூணு மாசம்தான் ஆச்சு. அந்தப் பெட்டியக் கொஞ்சம் நகத்திப் பாரும்மா” என்றாள்.

அந்தப் பெண் நகர்த்தினாள். பெட்டிக்குப் பின்னால் பலகை கருப்பாக, கம்பளி மாதிரி புசுபுசுவென்று இருந்தது.

“இங்க வந்தப்ப எனக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. குழந்தைய இங்க கொண்டுவராதம்மா” என்றாள் அக்கா. அதற்குள் அடக்கி வைத்திருந்த இருமலெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. அந்தப் பெண்தான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் நகரவில்லை. அவ்வளவு கோபம்.

படகு போனதும் கத்தினேன். “அவங்க டாக்டர் வீட்டுக்காரங்கடி! ஒத்துக்கலைன்னா அடுத்த நாளே பொண்ணத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. உனக்குப் போக எடம் இருக்கா? எப்பவும் சொல்றத இன்னும் ஒரு தடவ சொன்னா வாய் வெந்துடுமா?”

“அது ரெண்டு நாள் தங்கிட்டுப் போறவங்களுக்குச் சொல்றதுடி. அந்தக் குழந்தை இங்கயேதானே கிடக்கணும்?”

இப்போது அவள்தான் கிடக்கிறாள். அத்தான் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் எரிச்சல். வேறு யாரும் வாங்க வரவில்லை. டாக்டர் சொன்ன கெடு போன மாதத்தோடு முடிந்தது. ஒரு குடிலிலிருந்து அடுத்த குடிலுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறாள். இனி ஆளே வந்து வாங்கினாலும் படகில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வர அவளுக்குத் தெம்பில்லை.

நேற்று பல் டாக்டரின் மனைவி என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெயில் காயும் ஊர் ஒன்றில் வீடு பார்த்துப் போய்விட்டார்களாம். பெண் சைக்கிள் ஓட்டுகிறாள், முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கிறாள். ‘இழுப்பே இல்லை. உங்க அக்காகிட்ட மறக்காம காட்டுங்க’ என்று கீழே எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மருந்து எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன். காட்டினால் அக்கா சந்தோஷப்படுவாள். அவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதை என்னால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அழித்துவிட்டேன்.