கலங்கிய தொட்டி

மலேசியாவின் குளுவாங் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, புதுமனை விருந்துக்கு முன்தினம் கூடத்தில் உப்புநீர் மீன்தொட்டி வைத்தார். மீன் இன்னும் விடவில்லை. விடிந்தபோது நீர் அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கியிருந்தது.

"ஆளுங்க வர்றாங்க, தண்ணிய வெளிய ஊத்திடு லா. மானம் போவுது" என்றார் அவருடைய மாமியார்.

அக்கா குள்ளமானவர், உரக்கப் பேசாதவர். யாராவது அதட்டினால் கையைக் கட்டிக்கொள்வார். அன்றும் கட்டிக்கொண்டார்.

"மாட்டேன் அத்தே. புதுத் தொட்டின்னா கலங்கும், தானா தெளியும். ஊத்தினா மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். பாக்கறவங்க பாக்கட்டும்."

துணி போட்டாவது மூடலாமே என்றேன். அவர் தொட்டியின் விளக்கைப் போட்டார். வந்த விருந்தினர்கள் தொட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டார்.

அடுத்த வாரம் நீர் பளிங்காகத் தெளிந்தது. அக்கா யாரையும் அழைத்துக் காட்டவில்லை. நானாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன்.