பல்பு எரிகிறதா?

மூன்றே மாதத்தில் இரண்டு தடவை மூக்குக்கண்ணாடி மாற்றிய முட்டாள் நான். மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்த்தாலும் மார்கழிப் பனியில் நீடாமங்கலம் ஸ்டேஷனைப் பார்ப்பதுபோல் இருந்தது. வயசாகிவிட்டது என்று என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்.

வாய்க்கால் கரையில் இருக்கும் ஒரு சுகாதார நிலையத்தில் எனக்கு லேப் டெக்னீஷியன் வேலை. நடவுக்குப் போகும் ஓர் அம்மா மூன்று வாரத்து இருமலோடு வந்தார். சாயங்காலமானால் காய்ச்சல். பிரசவத்துக்கு வந்த மகளின் கைக்குழந்தை இவர் பக்கத்தில்தான் படுக்கிறது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: குழந்தையைத் தூக்கலாமா, கூடாதா?

சளியில் சாயம் ஏற்றினால் காசநோய்க் கிருமி நீலத் தரையில் சிவப்புக் குச்சியாகத் தெரிய வேண்டும். எனக்கு நீலம்தான் தெரிந்தது, அதுவும் கலங்கலாக. ‘இல்லை’ என்று எழுதினேன். டாக்டர் இருமல் மருந்து கொடுத்தார். பத்து நாளில் அந்த அம்மா திரும்பி வந்தார். மறுபடியும் ‘இல்லை’. அதோடு விட்டேனா? இருமலுக்கு உங்கள் மேல் பாசம், அதான் போகமாட்டேன் என்கிறது என்று ஜோக் வேறு அடித்தேன். அவர் சிரிக்கவில்லை. குழந்தையைத் தாராளமாகத் தூக்குங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

மூன்றாவது கண்ணாடிக்கு அளவு பார்க்கப் போன இடத்தில், கண்ணில் கோளாறே இல்லை என்று விரட்டிவிட்டார்கள். திரும்பி வந்து மைக்ராஸ்கோப் லென்ஸைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல். பூஞ்சை. கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்க வைத்த கருவிக்குள் ஒன்று குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது, வெறும் கண்ணுக்குத் தெரியும்படி.

வந்த கோபத்தில் கருவிகளைக் கவனிக்கும் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அங்கிருந்தவர் பதறவே இல்லை.

“பல்பு எரியுதா, எரியலையா?”

எரிகிறது என்றேன்.

“அப்ப ஒர்க்கிங் கண்டிஷன்தானே சார்.”

வருஷா வருஷம் வரும் படிவத்திலும் அதே கேள்விதான். ‘ஆம்’ என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்ட மகான் நானேதான். ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்க ஆள் உண்டு, உள்ளே திறந்து பார்க்க ஒருத்தரும் வந்ததில்லை. யார் மேல் பாய்வது என்று தெரியாமல் போனை மேஜையில் அறைந்தேன். அது என் சொந்தப் போன்.

எடுத்து வைத்திருந்த அந்த அம்மாவின் சளி ஸ்லைடுகளோடு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். நண்பரின் லேபில் நல்ல மைக்ராஸ்கோப் இருந்தது. குனிந்ததுமே சிவப்புக் குச்சிகள். ஒன்றிரண்டல்ல, நாற்றங்கால் மாதிரி.

மறுநாள் காலையில் வயலுக்கே போய், மற்றவர்கள் காதில் விழாதபடி அந்த அம்மாவை வரப்போரம் அழைத்துச் சொன்னேன். நோய் இருக்கிறது, இன்றைக்கே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், குழந்தையையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். மன்னிக்கச் சொன்னேன். அத்தோடு நிறுத்தாமல் பூஞ்சையை, பல்பை, அந்தப் படிவத்தை, அந்த ஆபீஸை எல்லாம் திட்டித் தீர்த்தேன்.

அவர் கையிலிருந்த சேற்றை வழித்துப் போட்டார்.

“புள்ளயத் தூக்கலாம்னு சொன்னது நீங்கதான தம்பி.”