பஸ் நேரத்தில் இழுத்த கயிறு

மலை உச்சியில் ஒருவன் நிற்கிறான். கீழே தொங்கிக்கொண்டிருக்கும் இன்னொருவனுக்குக் கை நீட்டுகிறான். பின்னால் சூரியன். ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் பயிற்சி அறையில், ஏசி குளிரில் எங்களை உட்கார வைத்து இந்தப் படத்தைத்தான் திரையில் காட்டினார்கள். "மென்ட்டர் என்றால் இதுதான், தலைமை என்றால் இதுதான்" என்றார் பெங்களூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர். நான் ராயக்கோட்டைக்காரி. கோட்டை மலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவள். அந்த மாதிரி விளிம்பில் நின்று ஒருத்தனைக் கையால் தூக்கினால் இரண்டு பேரும் சேர்ந்துதான் கீழே வருவார்கள். எழுந்து நின்று சொல்லியும் விட்டேன். அறையே சிரித்தது. அவர் மட்டும் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் லைனில் மென்ட்டர் என்ற சொல்லை யாரும் புழங்குவதில்லை. 'கூட நிக்கறவ' என்போம். இருசக்கர வண்டிகளுக்கு பிரேக் லீவர் பூட்டும் லைன் அது. எல்லாரும் பெண்கள். புதிதாக வருகிறவளுக்கு மஞ்சள் தொப்பி. பழகிய ஒருத்தி சில மாதம் அவள் பக்கத்திலேயே நிற்பாள். இவள் தேறிவிட்டாள் என்று கூட நிற்கிறவளுக்குத் தோன்றினால், காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தன் கையாலேயே மஞ்சள் தொப்பியை எடுத்துவிட்டு நீலத் தொப்பியை வைப்பாள். எல்லாரும் கைதட்டுவோம். நீலம் ஏறாத தலைக்கு கான்ட்ராக்ட் முடிந்தால் வீட்டுக்கு வழி.

நான் பலருக்கு நீலம் வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன். தலைக்கு மேலே லைன் நெடுக ஒரு சிவப்புக் கயிறு ஓடுகிறது. பூட்டுகிற சாமானில் சந்தேகம் வந்தால் இழுக்க வேண்டும். லைன் நிற்கும், சிவப்பு விளக்கு எரியும், பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் வருகிற மாதிரி ஒரு பாட்டு கிணுகிணுக்கும். "சந்தேகம் வந்தா இழு. யார்கிட்டயும் கேக்காத" என்பேன்.

சொல்லாத ஒன்றும் உண்டு. அது சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். ஷிப்ட் முடிகிற கடைசிக் கொஞ்ச நேரத்துக்கு எங்களிடம் 'பஸ் நேரம்' என்று பெயர். அப்போது கயிற்றை யாரும் தொடுவதில்லை. தொட்டால் அதுவரை பூட்டியதை எல்லாம் திருப்பிப் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் நகர முடியும். கம்பெனி பஸ்ஸோ வேறொரு கம்பெனிக்கும் ஓடுகிற வண்டி. நமக்காக நிற்காது. உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை என்று ஊர் ஊராகப் போக வேண்டியவர்கள் நாங்கள். சட்டத்தில் இல்லாத சட்டம் இது. சூப்பர்வைசருக்கும் தெரியும், அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். டார்கெட் முட்டுகிற நேரமும் அதுதான் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை.

அந்த வருடம் என் பக்கத்தில் நிற்க வந்தவர் என்னைவிட மூத்தவர். சாத்தூர்ப் பக்கம். பட்டாசு ஆலையில் பல வருடம் வேலை செய்துவிட்டு, கணவருக்கு இங்கே செக்யூரிட்டி வேலை கிடைத்ததால் ஓசூருக்கு வந்தவர். முதல் நாள் என்னை "மேடம்" என்றார்.

"மேடமும் வேணா, கீடமும் வேணா. நான்தான் உங்கள அக்கான்னு கூப்பிடணும்" என்றேன்.

"அப்ப நான் ஒன்னைய தாயின்னு கூப்புடுதேன்" என்று சிரித்தார்.

அவருடைய கை சுறுசுறுப்பான கை. எனக்குச் சொல்லித்தர அதிகம் இருக்கவில்லை. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் என்னை எரிச்சல்படுத்தியது. பக்கத்தில் எங்காவது ஸ்பேனர் கீழே விழுந்தால் போதும், செய்துகொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ரெண்டு எட்டு பின்னால் போய் நிற்பார். "என்னாக்கா, பேயக் கண்டீங்களா?" என்று கிண்டல் செய்வேன்.

"அங்கன சந்தேகம் வந்தா நின்னு யோசிக்க மாட்டோம் தாயி. மொதல்ல வெளிய ஓடிருவோம். அப்பறந்தான் என்னன்னு கேப்போம். யோசிச்சவுக யாரும் இப்ப இல்ல."

அதன் பிறகு நான் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன்.

சம்பவம் நடந்தது ஒரு மதிய வேளையில். காலை ஷிப்ட் முடிகிற சமயம், பஸ் நேரம். டார்கெட்டுக்குக் கொஞ்சம்தான் பாக்கி. அக்காவின் வேலை லீவரில் ஒரு சின்ன கிளிப்பை அழுத்தி உட்கார வைப்பது. உட்கார்ந்தால் 'டிக்' என்று சத்தம் வரும். அப்போதுதான் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்திருந்தார்கள். அக்கா இரண்டு மூன்று கிளிப்பைப் பூட்டினார். காதைச் சாய்த்தார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மேலே தூக்கி இழுத்துவிட்டார். விளக்கு எரிந்தது, பாட்டு கிணுகிணுத்தது, லைன் நின்றது.

"சத்தம் மட்டமா வருது தாயி" என்றார்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். நல்ல மனிதர்தான். கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். அன்று வந்ததிலிருந்தே கன்னடம்தான். தரம் பார்க்கிறவர்கள் வந்து பெட்டியைப் பார்த்தார்கள், பூட்டியதை எல்லாம் இழுத்துப் பார்த்தார்கள். எல்லாமே சரியாக உட்கார்ந்திருந்தன. கிளிப்பில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் சத்தம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். டார்கெட் போயிற்று. நாங்கள் கேட்டுக்கு வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

எல்லாரும் வெயிலில் ராயக்கோட்டை ரோட்டுக்கு நடந்தோம். வந்த பஸ்களில் எல்லாம் படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். எங்கள் லைனில் உத்தனப்பள்ளிக்காரி ஒருத்தி இருக்கிறாள். கைக்குழந்தைப் பருவம் இப்போதுதான் தாண்டிய மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு வருகிறவள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"உனுக்கு என்னாக்கா, வூடு பக்கத்துலயே இருக்குது. நடந்து பூடுவ. எம்புள்ள பால்வாடி வாசல்ல நிக்குமே, அத யாரு பாக்கறது? ஒண்ணுமே இல்லாததுக்கு இழுத்து வுட்டுட்டியே!" என்று நடுரோட்டில் கத்தினாள். பிறகு என்னிடம் திரும்பினாள். லைனில் எல்லாருக்கும் நான் பாயம்மாதான். "நீயும்தான் பாயம்மா. என்னாத்த சொல்லிக் குடுத்த இவங்களுக்கு?"

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. கடைசி ஆள் பஸ் ஏறுகிற வரைக்கும் அந்த வெயிலில் எங்களோடு நின்றார். ஏறும்போது உத்தனப்பள்ளிக்காரியின் சாப்பாட்டுப் பையை வாங்கி ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கினாள்.

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். லைன் லீடர் இடம் காலியாகப் போகிறது, அது எனக்குத்தான் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. அதைத்தான் முதலில் ஞாபகப்படுத்தினார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"மேல கேக்கறாங்கம்மா. நான் என்ன சொல்லட்டும்? அவங்களுக்கு இன்னும் பழக்கம் பத்தலன்னு கூட்டத்துல நீயே சொல்லிடு. அவங்களையும் எல்லார்கிட்டயும் சாரி கேக்கச் சொல்லு. மஞ்சள் தொப்பியே இருக்கட்டும். கான்ட்ராக்ட் முடிஞ்சா அதுவா முடியும். உன் பேருக்கு ஒண்ணும் வராது."

எனக்கு லைன் லீடர் ஆகிற ஆசை இருந்தது. நிறைய இருந்தது. எனக்கு முழங்கால் வலி. லைன் லீடருக்கு ஒரு நாற்காலி உண்டு. அந்த நாற்காலியை நான் கனவில்கூடப் பார்த்திருக்கிறேன். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி வியாபாரம் செய்கிற என் வீட்டுக்காரர், "இனிமே நீ உக்காந்துக்கிட்டு அதிகாரம் பண்ணலாம்" என்று கேலி பேசி வைத்திருந்தார். இவர் கேட்டதும் ஒரு வாக்கியம்தான். சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லவளாகிவிடலாம். முந்தின நாள் ரோட்டில் நின்ற பெண்களுக்கும் மனசு ஆறும்.

ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இழு என்று சொல்லிக்கொடுத்தது நான். சொன்னபடி இழுத்தவரை சாரி கேட்க வைக்க வேண்டியதும் நானா? அப்படியானால் இத்தனை பேருக்கு நான் சொல்லிக்கொடுத்ததற்கு என்ன பெயர்?

"சார், அந்தம்மா பண்ணது தப்பா?"

"பார்ட் நல்லா இருந்துச்சே! அப்புறம் எதுக்குக் கயிறு?"

"நல்லா இருக்குதுன்னு எப்ப தெரிஞ்சிச்சி? நிறுத்திப் பாத்ததுக்கு அப்புறம்தான தெரிஞ்சிச்சி? நிறுத்தாம இருந்திருந்தா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அத மாட்டிக்கிட்டு வண்டி ஓட்றவனுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்."

"பஸ் நேரம்னு ஒண்ணு இருக்குதில்ல? அதச் சொல்லிக் குடுக்கலையா நீ?"

"அத நீங்க சொல்லுங்க சார். கூட்டத்துல, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. பஸ் நேரத்துல சந்தேகம் வரக் கூடாதுன்னு உங்க வாயால சொல்லுங்க. நான் அத அப்படியே சொல்லிக் குடுக்கறேன்."

அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேராக என் லாக்கருக்குப் போனேன். அக்காவுக்கு அடுத்த வாரம் வைக்கலாம் என்று ஸ்டோரில் வாங்கிவைத்த நீலத் தொப்பி அதில் இருந்தது. எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தேன். அக்கா பின்வரிசையில் தலையைக் குனிந்து நின்றார். சாரி கேட்கத் தயாராகத்தான் வந்திருந்தார் என்று பிறகு சொன்னார். கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்தேன். என்ன நடக்கிறது என்று யாருக்கும் புரிவதற்குள் மஞ்சளை எடுத்துவிட்டு நீலத்தை வைத்தேன்.

"நேத்து இவங்களுக்கு சந்தேகம் வந்திச்சி, இழுத்தாங்க. நான் சொல்லிக் குடுத்தது அதுதான். பஸ் போனதுக்கு யாரயாச்சும் திட்டணும்னா என்னயத் திட்டுங்க. இல்ல, நிக்காத பஸ்ஸத் திட்டுங்க" என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. நான் மட்டும் தட்டினேன். கூட்டத்துக்கு நடுவில் தனியாகக் கைதட்டிப் பாருங்கள், எவ்வளவு அசிங்கமான சத்தம் என்று தெரியும். இருந்தாலும் தட்டினேன்.

லைன் லீடர் இடம் வேறு லைனில் இருந்த ஒருவருக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். நாற்காலியைக் கடக்கும்போதெல்லாம் முழங்கால் வலித்தது. போக்குவரத்துப் பிரிவுக்குப் போய், லைன் நின்றால் பஸ்ஸும் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று கேட்டேன். முடியாது என்றார்கள். அடுத்த வாரமும் போனேன். மூக்கறுத்து அனுப்பினார்கள். இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், என்னைத் தூரத்தில் பார்த்தாலே அங்கிருப்பவர் டீ குடிக்க எழுந்துவிடுகிறார். உத்தனப்பள்ளிக்காரி ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவாள். அது நாற்காலியைவிட அதிகமாக வலித்தது. அவளுக்கும் நீலத் தொப்பி வைத்தவள் நான்தான்.

மழைக்காலம் வந்தது. ஒரு மதியம், அதே பஸ் நேரம். வானம் இருட்டிக்கொண்டு நின்றதால் எல்லாருக்கும் வீட்டு நினைப்பு. திடீரென்று விளக்கு எரிந்தது, அந்தப் பாட்டு கிணுகிணுத்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். இரண்டு பேர் கையும் கீழேதான் இருந்தன.

லைனின் அந்தக் கோடியில், ஒரு கையில் லீவரையும் மறு கையில் கயிற்றையும் பிடித்துக்கொண்டு உத்தனப்பள்ளிக்காரி நின்றிருந்தாள். சூப்பர்வைசர் கன்னடத்தில் ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. எங்கள் பக்கம்தான் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் அன்றைக்கு ரோட்டில் கத்திய அதே குரல்.

"எம்புள்ளயும்தான் பால்வாடி வாசல்ல நிக்கும். யாராச்சும் ஒரு வார்த்த பேசனீங்க, அவ்ளோதான்!"

அன்று அந்த லீவரில் கோளாறு இருந்ததா என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை. அவளும் இழுக்கும்போது தெரிந்துகொண்டு இழுக்கவில்லை.

பஸ் போய்விட்டது. மழையில் ரோட்டுக்கு நடந்தோம். அக்கா அன்றும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கூடவே வந்தார். நெரிசலான பஸ்ஸில் எப்படியோ இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. உத்தனப்பள்ளிக்காரி ஜன்னல் ஓரம் நகர்ந்து, ஈர சீட்டைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"நின்னுக்கிட்டே வரப் போறியா பாயம்மா? உக்காரு. முட்டி வலிக்குமில்ல?"

உட்கார்ந்தேன்.